மூடிவிட்டால் தெரியாத வேலை

பழைய பிளாஸ்டிக் விமானக் கிட் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? இறக்கை, வால், சக்கரம், மூக்கில் சுற்றும் விசிறி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் காய் தொங்குகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ஆனால் விமானி உட்காருகிற இடத்துக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று தேடினால், நாற்காலி மாதிரி ஒரு துண்டு, அதில் உட்கார மூக்கும் முழியும் தெரியாத ஒரு மனிதர். அவ்வளவே! பிடிக்க ஒரு கம்பி இல்லை, பார்க்க ஒரு கருவி இல்லை. வீட்டைக் கட்டிவிட்டு அடுப்படியை மறந்துபோன கதை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பல் கிட்டைப் பையில் போட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. பிறகு விமானங்களும் அப்படியே வந்தன. பள்ளிக்கூடப் பையன் கைச்செலவுக் காசில் வாங்குகிற சாமானுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வற்றல், வடகம், பிள்ளைக்கு மாந்தம் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இந்த விமானப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். என் மூத்த அண்ணன் சின்ன வயதில் கப்பலில் வேலை பார்த்தவர். 1971-ல் லண்டனில் வாங்கிய ஸ்பிட்ஃபயர் கிட் ஒன்று, பாலிதீன் பையில் மேல்தாள் மடித்து ஊசி அடித்தபடியே, இத்தனை வருஷமாக அவர் பெட்டியில் கிடந்தது. ரிட்டயர் ஆனதும் செய்யலாம் என்று வைத்திருந்தார். ரிட்டயரும் ஆனார், நடுக்குவாதமும் வந்துவிட்டது. காப்பி டம்ளரே இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது. போன பொங்கலுக்கு அதை என் கையில் கொடுத்து, "நீ பூக்கட்டுற கை. நீ செய்யம்மா. ஆனா உள்ளே வெறுமையா விட்டுடாதே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை மாட்டிவிட்டது. வெறும் கிட்டை இரண்டு நாளில் ஒட்டியிருக்கலாம். உள்ளே உள்ளதைக் கையால் செய்ய எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

இப்படிக் கடைப் பாகத்தை நம்பாமல், கிடைத்த சாமானை வெட்டி, வளைத்து, தானே செய்துகொள்வதற்கு இந்தக் கலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்க்ராட்ச் பில்டிங். அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். இந்தக் கிட்டின் அளவு 72-ல் ஒரு பங்கு. ஐந்தடிப் பெண்மணி ஒருத்தி இந்த விமானத்தின் பக்கத்தில் நின்றால் 21 மில்லிமீட்டர் உயரம் இருப்பாள். அதாவது ஒரு அங்குலம்கூட இல்லை. விமானமே ஐந்தேகால் அங்குல நீளம்தான். நிஜத்தில் இரண்டு அங்குல அகலம் உள்ள இடுப்பு வார், இங்கே முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பயப்படாதீர்கள். முறத்தில் அரிசியைப் புடைத்துக் குறுநொய்யும் கல்லும் பொறுக்கிய கண்ணுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

சாமானும் வீட்டிலேயே இருக்கிறது. கிட் செய்திருப்பது பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக். அதே இனத்தைத் தேடிப் பிடித்தால் ஒரே பசையில் ஒட்டும். ஐஸ்கிரீம் கப், தயிர் கப் இவற்றின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பாலிஸ்டைரீன். 5 என்றிருந்தால் வேறு ஜாதி. எவ்வளவு பசை தடவினாலும் ஒட்டாது. நான் தேடியது வெள்ளைக் கப். ஏன் வெள்ளை என்று பிறகு சொல்கிறேன். மற்றபடி, பழைய டெலிபோன் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி, பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் காகித டேப், புருவ முடி பிடுங்கும் இடுக்கி, நகம் தேய்க்கும் அரம், தையல் ஊசி நாலைந்து.

முதலில் எல்லாப் பாகத்தையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் உரிந்து வரும்.

ஸ்பிட்ஃபயருக்குள் நமக்குத் தெரிந்த அர்த்தத்தில் தரையே கிடையாது. விமானியின் குதிகால் வைக்க இரண்டு நீளத் தகடு மட்டும் உண்டு. நடுவே கம்பிகளும் குழாய்களும் தெரியும். பறக்கும்போது பென்சில் கை நழுவினால் விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது என்றே அர்த்தம். ஆகவே தயிர் கப்பில் இரண்டு பட்டை வெட்டி ஒட்டியதும் 'தரை' முடிந்தது. பக்கச் சுவர்களில்தான் வேலை அதிகம். உள்பக்கம் விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வரிசையாக ஓடும். அவ்வளவு மெல்லிய குச்சி எந்தக் கடையிலும் இல்லை. நாமே இழுக்க வேண்டும்.

கிட்டின் சட்டத்தில் மிஞ்சிய குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, மெழுகுவத்திச் சுடருக்கு ஒரு அங்குலம் மேலே, சப்பாத்தியைத் திருப்புகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். உடனே சுடரை விட்டு விலக்கி, ஒரு மூச்சு நிதானித்து, இரண்டு பக்கமும் இழுத்தால் கம்பிப் பாகு மாதிரி நீளும்! மெதுவாக இழுத்தால் தடித்த குச்சி, வேகமாக இழுத்தால் தலைமுடி. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்தவர்களுக்கு இரண்டாவது தடவையே கை வந்துவிடும். பிளாஸ்டிக் சுடரைத் தொடவே கூடாது. தொட்டால் கரும்புகை கக்கி எரியும்; அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் தூங்கியிருக்கட்டும், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். நைலான் சேலை வேண்டாம்.

அடுத்தது, கருவிப் பலகை. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். பலகையின் நடுவில் ஆறு கருவிகள் ஒரு கூட்டமாக இருக்கும். வேகம், உயரம், ஏறுகிற இறங்குகிற வேகம், திசை, திரும்பும் அளவு, அடிவானத்தைக் காட்டும் செயற்கைக் கோடு. மேகத்துக்குள் புகுந்து ஒன்றுமே தெரியாதபோது விமானி நம்புவது இந்த ஆறையும்தான். நம் அளவில் ஒவ்வொன்றும் கடுகை விடச் சிறிசு. இதில் எண்ணும் முள்ளும் வரைவது எப்படி? வரையவே வேண்டாம். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும், ஊசிமுனையால் லேசாகக் கீறினால் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். ஒரு வட்டம், உள்ளே ஒரு கோடு, கருவி தயார். வெள்ளைக் கப் கேட்டது இதற்குத்தான். கண்ணாடிக்கு, பல்குத்தும் குச்சி நுனியில் ஃபெவிகால் எடுத்து ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு புள்ளி. வைக்கும்போது பால் மாதிரி இருக்கும்; காய்ந்தால் தெளிந்துவிடும்.

கோலப் புள்ளி மாதிரி இந்த ஆறையும் வைத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்த மருமகள், "பலகைக்கு அந்தப் பக்கம் என்ன அத்தை இருக்கும்?" என்று கேட்டாள். பெட்ரோல் டேங்க். மேலே 48 காலன், கீழே 37 காலன். ஆக 85 காலன், நம் கணக்கில் 386 லிட்டர். விமானியின் முழங்காலுக்கு முன்னால்! எதிரியின் குண்டு அதில் பட்டால் முதலில் வேகுவது முகமும் கைகளும்தான்.

ரிச்சர்ட் ஹிலாரி என்ற இளைஞருக்கு 1940 செப்டம்பர் 3-ம் தேதி அப்படித்தான் ஆயிற்று. எரியும் ஸ்பிட்ஃபயரிலிருந்து கடலில் விழுந்து, உயிர்காக்கும் படகால் மீட்கப்பட்டார். அந்த நாளில் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் பூசுவது வழக்கம். அது காய்ந்து தோல் பதனிட்ட மாதிரி ஓடு கட்டும். விரல்கள் மடங்காது, கண்ணிமை மூடாது. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊர் ஆஸ்பத்திரியில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்ற நியூஸிலாந்து டாக்டர், கடலில் விழுந்தவர்களின் புண் மற்றவர்களுடையதை விட நன்றாக ஆறுவதைக் கவனித்தார். பூச்சு வைத்தியத்தை எதிர்த்து, உப்புத் தண்ணீர்த் தொட்டிக் குளியலைக் கொண்டுவந்தார். அவரிடம் தோல் மாற்றிக்கொண்ட விமானிகள் 1941-ல் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். பெயர், 'கினிப் பன்றிச் சங்கம்'! நோயாளிகளுக்கு அப்படியொரு குறும்பு.

அந்தப் பூச்சு வைத்தியம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பிள்ளை கையைச் சுட்டுக்கொண்டால் பற்பசை, இங்க், மாவு, மஞ்சள் என்று எதையாவது அப்புகிறோம். எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் முழுசாக 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் கட்டி கூடாது. கை வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் போங்கள்.

விமானத்தைச் செலுத்தும் தண்டின் உச்சியில் ஒரு வளையம் உண்டு. மண்வெட்டிப் பிடி மாதிரி கையை நுழைத்துப் பிடிப்பது. துப்பாக்கிப் பொத்தானும் அதில்தான். செம்புக் கம்பியைக் கோணி ஊசியில் ஒரே சுற்று சுற்றி வெட்டினால் அந்த வளையம் கிடைத்துவிடும். சக்கரத்தை மடக்கும் நெம்புகோல் வலது பக்கம். என்ஜின் வேகம் கூட்டுவது இடது பக்கம். கிளம்பியவுடன் விமானி தண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சக்கரத்தை மடக்க வேண்டும். புதுக் கை என்றால் அந்த நேரத்தில் விமானம் ஒரு ஆட்டம் ஆடும் என்று படித்தேன். இடுப்பில் பிள்ளையை மாற்றிக்கொண்டு பால் பொங்குவதைத் தடுத்தவர்களுக்கு அந்த ஆட்டம் புரியும்!

கம்பியை ஒட்ட பிளாஸ்டிக் பசை பிரயோஜனப்படாது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. உலோகத்துக்கு ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை வேண்டும். அதை ஊசி நுனியில் தொட்டு வையுங்கள், டியூபால் பிழியாதீர்கள். பருத்தித் துணியால் துடைக்காதீர்கள்; சில சமயம் பருத்தி பட்டதும் கொதித்துச் சுட்டுவிடும். விரல் விரலோடு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெந்நீர் சோப்பில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு நேரே டாக்டர்தான். இமையை இழுக்கவே கூடாது. பிளாஸ்டிக் பசையின் வாடையும் லேசுப்பட்டதல்ல. பிள்ளைத்தாய்ச்சிகள் இந்த ஆசையைப் பிரசவம் வரைக்கும் தள்ளிப்போடுங்கள், ஓடிவிடாது. பழைய குறிப்புகளில், ஒயின் பாட்டில் கழுத்து ஈயத்தாளை வெட்டி இடுப்பு வார் செய்யச் சொல்லியிருக்கும். நன்றாக மடங்கும், வாஸ்தவம்தான். ஆனால் ஈயம் தொட்ட கையைப் பிள்ளை வாயில் வைத்தால் என்ன ஆகும்? காகித டேப்பே போதும்.

நாற்காலியை நானே வெட்டினேன். நிஜ நாற்காலி பிசின் ஏற்றி அழுத்திச் செய்தது, நிறம் செங்காவி. முதுகுக்கு ஒரு கறுப்பு மெத்தை. மற்ற உள்பக்கமெல்லாம் ஒரு மாதிரி சாம்பல் பச்சை. கறிவேப்பிலைப் பொடியில் அரிசி மாவைக் கலந்தால் வருமே, அது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நான்கு வார்கள். டேப்பைப் பிளேடால் கீறி, சந்தன நிறம் அடித்து, கூர் சீவிய பென்சிலால் ஓட்டைகளுக்குப் புள்ளி வைத்தேன். கிட்டில் வந்த அந்த முகமில்லாத மனிதரை உட்காரவைக்கவில்லை. அவர் உட்கார்ந்தால் வார்கள் மறைந்துவிடும்.

யாருக்கு அந்த நாற்காலி என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் போனில் ஒரு வழக்கே நடந்தது. இந்த விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து போர்த்தளத்துக்கு ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தனிப் படை இருந்தது. 1940 ஜனவரியில் பாலின் கோவர் என்ற பெண்மணியின் தலைமையில் எட்டுப் பெண் விமானிகள் அதில் சேர்ந்தார்கள். முதலில் சின்னப் பயிற்சி விமானம் மட்டும். 1941 முதல் ஸ்பிட்ஃபயரும் வந்தது. போர் முடிவதற்குள் 168 பெண்கள். 1943-ல் ஆண்களுக்குச் சமமான சம்பளமும் வாங்கிவிட்டார்கள். போகும் வழியில் பேச ரேடியோ கிடையாது. கையில் வரைபடம், கண்ணுக்குக் கீழே ரயில் பாதையும் ஆறும், பலகைக்குக் கீழே ஒரு திசைகாட்டி. மேகம் கவிந்தால் அவரவர் சாமர்த்தியம்.

"இது பொம்பளை ஓட்டின வண்டின்னு வச்சுக்கப் போறேன், அண்ணே" என்றேன்.

"சரிதான். அப்போ திசைகாட்டியை ஒழுங்கா வை" என்றார்.

வைத்தேன். அது விமானியின் இரண்டு காலுக்கும் நடுவே, பலகைக்கு அடியில் இருக்கும் வட்டப் பெட்டி. உருண்டைக் குச்சியை வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி இரண்டு மில்லிமீட்டர் வட்டமாக நறுக்கி, கறுப்படித்து, நடுவில் ஒரு வெள்ளைக் கீறல். மூன்று முறை இடுக்கியிலிருந்து துள்ளி ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் மொசைக் தரை; அதில் விழுந்த கறுப்புப் பொட்டைத் தேடிப் பாருங்களேன்! அதற்குப் பிறகு பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துத்தான் வேலை. மடியில் ஈரத்துண்டு. எழுந்திருக்கும்போது துண்டுகளை எண்ணி டப்பாவில் போட்டு, டப்பாவை பீரோ மேல் வைத்தேன். ஐந்து வயசுப் பேரன் பார்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் தரையில் ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. உடைந்த பிளேடையும் எண்ண மறக்காதீர்கள்.

ஒரே மூச்சில் உட்காராதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து தூரத்து மரத்தைப் பார்த்துக் கழுத்தைத் திருப்புங்கள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் கணக்கு. அந்த ஒரு மணிக்கு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். முதல் வாரம் கூப்பிட்டார்கள். அப்புறம் நின்றுவிட்டது.

விமானத்தின் இடது பக்கத்தில் ஏறி இறங்க ஒரு சின்னக் கதவு உண்டு, கீழ்நோக்கித் திறப்பது. கிட்டில் அது வெறும் கோடு. கோட்டின் மேலேயே ஊசியால் பத்து இருபது தடவை கீறிக்கீறி எடுத்துவிட்டேன். அதைத் திறந்து வைத்தால்தான் உள்ளே கொஞ்சமாவது தெரியும். மேல்மூடியின் கண்ணாடிக்கு மட்டும் உடனடிப் பசை ஆகாது, பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். அதற்கும் ஃபெவிகால்தான்.

உடலின் இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்ட அன்று, மருமகள் குனிந்து பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல மறைஞ்சே போச்சே அத்தை! இதுக்கா இவ்வளவு நாள்?" என்றாள். மறையத்தான் செய்தது. விலாச் சட்டங்கள் போயின, குதிகால் பட்டை போயிற்று. வாரும் வளையமும் தெரிந்தன. பலகை, வெளிச்சம் விழுந்தால் தெரிந்தது.

டார்ச் அடித்து போனில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். கை நடுங்குகிறதல்லவா, படத்தைப் பெரிதாக்கவே பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்தாராம்.

"காலுக்கு நடுவுல அந்த வெள்ளைக் கீறல் தெரியுதும்மா" என்றார். "வடக்கு பாத்துத்தான் நிக்குது. சரி, இறக்கையை எப்போ ஒட்டப் போறே?"